கொள்ளை, கார் துரத்தல், கருத்துப் பிளவு: ‘பேபி டிரைவர்’ திரையிடல் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

எங்கள் திரைப்பட ரசனை வட்டம் சிறியது. படம் பார்ப்பதோடு கலைந்து போவதில்லை. பார்த்த படத்தைப் பற்றிக் கூட்டாக ஒரு குறிப்பு எழுதி, உறுப்பினர்களுக்கும் அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கும் அனுப்புவது வழக்கம். குறிப்பு ஒருவர் பெயரில் போகாது, வட்டத்தின் பெயரில்தான் போகும். ஆகவே எல்லோரும் தலையாட்டக்கூடிய ஒரு தீர்ப்பு அதில் இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. கடைசியில் ஐந்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண்ணும் வரும்.

பெரும்பாலான படங்களுக்கு இது சிக்கலாக இருந்ததில்லை. ஒரு கொள்ளைப் படத்தில்தான் முதன்முறையாகக் குறிப்பு அனுப்ப முடியாமல் நின்றது. என்ன நடந்தது, என்ன முடிவு எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கூட்டாகப் படம் பார்க்கிற வேறு குழுக்களுக்கும் இது நேரும் என்று நினைக்கிறேன். உறுப்பினர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். படத்தின் முடிவைப் பற்றியும் பேச வேண்டியிருப்பதால், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

இதில் நால்வரின் கருத்துகள் முக்கியம். ஒருவர் படத்தொகுப்பு பயிலும் இளம்பெண். இன்னொருவர் பல ஆண்டுகள் கனரக வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர். எங்கள் எல்லோருக்கும் அவர் ‘அண்ணன்’தான். மூன்றாமவர் தாளவாத்தியம் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர். நான்காமவர் ஓய்வுபெற்ற செவிலியர். பல வருடங்களாகக் காதிரைச்சல் உள்ளவர். அமர்வுகளை ஒழுங்கு செய்வது என் பொறுப்பு.

படம்

எட்கர் ரைட் எழுதி இயக்கிய ‘பேபி டிரைவர்’ 2017இல் வெளிவந்தது. அட்லாண்டாவில் நடக்கிறது, அங்கேயே படமாக்கப்பட்டது. கொள்ளையர்களைத் தப்பிக்கவைக்கும் ஓட்டுநர் ஒருவன். சிறுவயதில் பெற்றோரைப் பலிகொண்ட கார் விபத்தில் அவன் காதில் ஓயாத இரைச்சல் ஒட்டிக்கொண்டது. அதை மூழ்கடிக்க எப்போதும் காதில் பாட்டு. பாட்டின் தாளத்துக்குத்தான் வண்டி ஓட்டுவான். கொள்ளைத் தலைவன் டாக்கிடம் பட்ட கடனை அடைத்துவிட்டு விலக நினைக்கிறான். உணவகத்தில் பணிபுரியும் டெபோரா மீது காதல் வருகிறது. விலக விடுவார்களா? மாட்டார்கள். கதை இவ்வளவுதான். புதிது என்று ஒன்றுமில்லை, படமும் அப்படிக் கோரவில்லை.

புதிது வேறிடத்தில் இருக்கிறது. ரைட்டுக்கு இந்த எண்ணம் 1995 வாக்கில் ‘பெல்பாட்டம்ஸ்’ என்ற பாட்டைக் கேட்டபோதே வந்தது. 2003இல் ஓர் இசைக் காணொளியில் அதைச் சிறு அளவில் முயன்றும் பார்த்திருந்தார். பாட்டுகளை முதலில் தேர்ந்து, உரிமை பெற்று, அவற்றின் மீது காட்சிகளைக் கட்டியிருக்கிறார். துப்பாக்கி வெடிப்பதும், கதவு சாத்துவதும், வைப்பர் அசைவதும், பணக்கட்டு மேசையில் விழுவதும் பாட்டின் அடியோடு ஒத்துப்போகும். நடன அமைப்பாளர் ஒருவர் நடிகர்களின் நடையைக்கூட வகுத்தார். தொகுப்பாளர்களில் ஒருவரான பால் மாக்லிஸ் படப்பிடிப்புத் தளத்திலேயே இருந்து, எடுத்த காட்சியை உடனுக்குடன் பாட்டோடு பொருத்திப் பார்த்திருக்கிறார். ஆஸ்கரில் படத்தொகுப்பு, ஒலித்தொகுப்பு, ஒலிக்கலவை மூன்றுக்கும் பரிந்துரை கிடைத்தது. மூன்றையும் ‘டன்கர்க்’ படம் எடுத்துக்கொண்டது. பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் படத்தொகுப்புப் பரிசு இதற்குக் கிடைத்தது.

முதல் திரையிடலில் கண்டது

முதல் காட்சியே வங்கிக் கொள்ளையும் துரத்தலும். சிவப்பு சுபாரு கார் ஒன்று வங்கி வாசலில் நிற்கிறது. மூவர் உள்ளே போகிறார்கள். ஓட்டுநர் வண்டிக்குள் தனியே பாட்டுக்கு வாயசைத்து ஆடுகிறான். பிறகு ஓட்டம். எல்லாம் சேர்ந்து சுமார் ஆறு நிமிடம். நெடுஞ்சாலையில் அதேபோன்ற இன்னும் இரண்டு சிவப்புக் கார்களுக்கு நடுவே புகுந்து, பாலத்தின் அடியில் இடம் மாறி, மேலே வட்டமிடும் ஹெலிகாப்டரை ஏமாற்றிவிடுகிறான். காட்சி முடிந்ததும் கைதட்டல் எழுந்தது. எங்கள் வட்டத்தில் படம் ஓடும்போது கைதட்டுவது அரிது.

அடுத்து அவன் காபி வாங்கப் போய் வரும் நீண்ட ஒற்றை ஷாட். பாட்டின் வரிகள் சுவரிலும் கம்பத்திலும் கிறுக்கலாகத் தெரிகின்றன. கவனித்தவர்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அறை முழுக்க உற்சாகம்.

கடைசி அரைமணி நேரத்தில் நிலைமை வேறு. சிலர் நெளிந்தார்கள். கைப்பேசி வெளிச்சம் அங்கங்கே எழுந்தது. திரையில் சத்தத்துக்குக் குறைவில்லை. துப்பாக்கிச் சண்டையும், ஓட்டமும், பல அடுக்கு வாகன நிறுத்துமிடத்தில் கார்கள் மோதிக்கொள்வதும் அடுத்தடுத்து வந்தன. ஆனாலும் முதல் ஆறு நிமிடத்தில் அறையில் இருந்த இறுக்கம் திரும்பவில்லை.

விளக்கு போட்டதும் நான் வழக்கம்போல மதிப்பெண் கேட்டேன். படத்தொகுப்பு பயிலும் பெண் ஐந்து கொடுத்தார். தாள ஆசிரியர் இரண்டுக்கு மேல் ஏறவில்லை. மற்றவர்கள் இடையில் சிதறிக் கிடந்தார்கள். சராசரி எடுத்தபோது வந்த எண் அங்கிருந்த யாருடைய எண்ணும் இல்லை.

பேச்சு இரண்டு அணியாகப் பிரிந்தது. ‘நடைதான் இந்தப் படம்’ என்றது ஒரு அணி. ‘நடை மட்டும் போதுமா, மனிதர்கள் எங்கே?’ என்றது மற்றொன்று. இரண்டாம் அணி சுட்டியவற்றில் நியாயம் இருந்தது. டெபோராவுக்குப் பாட்டும் புன்னகையும் தவிர என்ன இருக்கிறது? அவளுக்கென்று ஒரு நாள், ஒரு கவலை, ஒரு ஊர் உண்டா? முதல் அணியிடம் இதற்கு விடை இல்லை. ‘அது கனவு மாதிரி எடுத்த படம்’ என்று சொல்லி நழுவினார்கள். பேச்சு சூடானதே தவிர நகரவில்லை.

வரைவு நின்றது

அந்த முறை வரைவு எழுதும் பொறுப்பு படத்தொகுப்பு பயிலும் பெண்ணுடையது. அவர் நேர்மையாக இரு தரப்பையும் சேர்த்துக்கொண்டார். வரைவின் சாரம் ஒரே வாக்கியம்: நடையில் சிறந்து, கதையில் மெலிந்த படம். மதிப்பெண்ணாக அந்தச் சராசரி.

எல்லோருக்கும் அனுப்பினேன். ஒருவரும் மறுக்கவில்லை. ஆனால் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“தம்பி, அந்தப் பொண்ணு எழுதினதுல பொய் ஒண்ணும் இல்ல. ஆனா அதுல இந்தப் படம் எங்க இருக்கு? படத்துப் பேர எடுத்துட்டு வேற பேர போட்டாலும் சரியாத்தானே இருக்கும்?”

யோசித்தால் உண்மைதான். பளபளப்பான கொள்ளைப் படம் எதற்கு வேண்டுமானாலும் அந்த வாக்கியம் பொருந்தும். எவரும் மறுக்காததற்குக் காரணமே அதுதான். எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு வாக்கியம் யாருடைய அனுபவத்தையும் சொல்லாமல் இருந்தது. கைதட்டியவர்களே ஏன் பின்னால் நெளிந்தார்கள் என்பதற்கு அதில் பதில் இல்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. பிளவு இரண்டு அணிகளுக்கு இடையில் மட்டும் இருக்கவில்லை. ஏறக்குறைய ஒவ்வொருவருக்கு உள்ளேயும் இருந்தது.

எடுத்த முடிவுகள்

குறிப்பை நிறுத்தி வைத்தேன். இதற்குச் சிறு எதிர்ப்பு வந்தது. ஒரு பொழுதுபோக்குப் படத்துக்கு இவ்வளவு தேவையா என்று கேட்டார்கள். ஒருவர் இரண்டாம் அமர்வுக்கு வரமாட்டேன் என்றே சொல்லிவிட்டார், வரவும் இல்லை. இந்தப் படம் முக்கியமான படமா என்பதில் எனக்கே உறுதி கிடையாது. ஆனால் எங்கள் பேசும் முறை ஒரு படத்தில் சிக்கி நின்றிருக்கிறது என்றால் அதைத் தள்ளிவிட்டுப் போவது சரியாகப் படவில்லை.

வெளியிலிருந்து ஒரு விமர்சகரை அழைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. வேண்டாம் என்று விட்டோம். தெரிந்தவர் வந்து சொன்னால் வாதம் அடங்கும். அடங்குவதும் தெளிவதும் ஒன்றல்ல.

பதிலாக ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டு, மற்றவர்களிடம் பேசுவதற்கு முன் எழுதித் தரச் சொன்னேன். படம் பிடித்ததா என்று கேட்கவில்லை. படம் உங்களை எந்த இடத்தில் விட்டது, எந்த இடத்தில் பிடித்தது என்று கேட்டேன். காட்சியைச் சுட்ட வேண்டும், காரணம் சொல்லத் தேவையில்லை. காரணம் கேட்டால் எல்லோரும் வாதத்துக்குத் தயாராகிவிடுகிறார்கள். இடம் கேட்டால் நினைவுக்குப் போகிறார்கள்.

தாள்கள் வந்து சேர்ந்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. ‘மனிதர்கள் எங்கே’ என்று கேட்ட அணி, காதல் காட்சிகளைத்தான் சுட்டும் என்று நினைத்திருந்தேன். சிலர் சுட்டினார்கள். ஆனால் இரு அணியிலும் அதிகம் பேர் சுட்டிய இடம் ஒன்றேதான். அஞ்சலகத்தில் மணியார்டர் தாள்களைக் கொள்ளையடிக்கும் திட்டம் குலைந்த பிறகு வரும் பகுதி, குறிப்பாக டாக் திடீரென மனம் மாறி நாயகனுக்கும் டெபோராவுக்கும் உதவும் காட்சி. அதுவரை இரக்கமே இல்லாமல் மிரட்டிக்கொண்டிருந்தவன், தானும் ஒரு காலத்தில் காதலித்தவன் என்கிற தோரணையில் அவர்களுக்காக உயிரையே விடுகிறான். ஐந்து கொடுத்த பெண்ணும் இதை எழுதியிருந்தார். இரண்டு கொடுத்த ஆசிரியரும் எழுதியிருந்தார்.

இதை வைத்து இரண்டாம் அமர்வைத் திட்டமிட்டோம். முழுப் படம் வேண்டாம். முதல் துரத்தலும், கடைசி வாகன நிறுத்துமிடச் சண்டையும், அஞ்சலகக் காட்சியும் மட்டும். முதல் இரண்டையும் முதலில் ஒலியில்லாமல், பிறகு ஒலியோடு. ஒலியை நிறுத்தச் சொன்னது தாள ஆசிரியர். பாட்டை எடுத்துவிட்டால் துரத்தலில் ஒன்றும் மிஞ்சாது என்பது அவர் கணிப்பு. ஒப்பிட்டுப் பார்க்க ‘புல்லிட்’ படத்தின் துரத்தலையும் சேர்த்தோம். அது அண்ணனின் விருப்பம்.

இரண்டாம் அமர்வு

முதல் துரத்தலை ஒலியில்லாமல் ஓட்டினோம். ஆசிரியரின் கணிப்பு பொய்த்தது. காட்சி சற்றும் தளரவில்லை. கார் எங்கே நிற்கிறது, எந்தச் சந்தில் நுழைகிறது, எதிரே லாரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதெல்லாம் ஒவ்வொரு ஷாட்டிலும் தெளிவு. பாட்டின் அடிக்கு வெட்டியிருந்தாலும் வழி தெரிவதை எங்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று சிவப்புக் கார் வித்தையை ஒலியில்லாமல் பார்த்தபோதுதான் சிலருக்கு முழுதாகவே புரிந்தது. பாட்டு கண்ணையும் சேர்த்து இழுத்துப் போயிருந்தது போலும்.

அண்ணன் இங்கே வேறொன்றைப் பிடித்தார்.

“அந்த வண்டி நாலு சக்கரத்துக்கும் இழுவை போற வண்டி. அது இப்படிப் பின்னால வழுக்காது. எதையோ மாத்தியிருக்காங்க.”

அவர் சொன்னது சரி. சாகசக் காட்சிகளுக்கான சுபாருக்களில் ஒன்றைப் பின்சக்கர இழுவைக்கு மாற்றியிருக்கிறார்கள். இது தெரிந்த பிறகு அவருக்கு ஏமாற்றம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. நிஜச் சாலையில் நிஜ வண்டியை ஒரு மனிதன் ஓட்டியிருக்கிறான், அது போதும் என்றார். கணினியில் வரைந்த கார் எடை இல்லாமல் திரும்புவது ஓட்டுநர் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும், இதில் ஒவ்வொரு திருப்பத்திலும் எடை ஒரு பக்கம் சாய்வது தெரிகிறது என்பது அவர் விளக்கம். எங்கள் குறிப்புகளில் இதுவரை இப்படி ஒரு வாக்கியம் வந்ததே இல்லை.

பிறகு ‘புல்லிட்’. 1968இல் பீட்டர் யேட்ஸ் இயக்கிய படம். சான் பிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் துரத்தல். தொகுத்த ஃபிராங்க் பி. கெல்லருக்கு ஆஸ்கர் கிடைத்தது. இரண்டு கார்களும் ஒன்றையொன்று மோப்பம் பிடித்துத் திரியும்வரை பின்னணியில் லாலோ ஷிஃப்ரினின் இசை இருக்கிறது. உண்மையான ஓட்டம் தொடங்கும் கணத்தில் அது நின்றுவிடுகிறது. அதற்குப் பின் எஞ்சினும் டயரும்தான். அண்ணன் முன்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். படத்தொகுப்பு பயிலும் பெண், துரத்தலில் உள்ள கார்கள் ஒரே பச்சை ஃபோக்ஸ்வாகன் காரைத் திரும்பத் திரும்ப முந்துவதைக் காட்டினார். எதிரியின் காருக்கு நான்கு சக்கரம்தான், கழன்று விழும் சக்கர மூடிகளோ அதைவிட அதிகம். அறை சிரித்தது. பல ஆண்டுகளாகப் போற்றப்படும் ஒரு காட்சியில் இவ்வளவு ஓட்டைகள் இருந்தும் யாருக்கும் உறுத்தவில்லை என்பது, ‘குறைகளைப் பட்டியலிட்டால் தீர்ப்பு கிடைத்துவிடும்’ என்ற எங்கள் பழக்கத்தைக் கொஞ்சம் அசைத்தது.

அடுத்து வாகன நிறுத்துமிடச் சண்டை. கொள்ளைக் கூட்டாளிகளில் ஒருவனான பட்டி போலீஸ் காரில் துரத்துகிறான். பின்னணியில் குயின் குழுவின் ‘பிரைட்டன் ராக்’. முந்தைய காட்சி ஒன்றில் பட்டியும் நாயகனும் ஒரே இயர்போனைப் பகிர்ந்து கேட்ட பாட்டு அது. நட்புக்கான பாட்டு கொலைக்கான பாட்டாக மாறுவது நல்ல யோசனை. ஆனால் ஒலியை நிறுத்தியதும் காட்சி குழம்பியது. யார் எந்தத் தளத்தில், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார்கள் என்று பலருக்குப் பிடிபடவில்லை. முதல் துரத்தல் பாட்டில்லாமலும் நின்றது. கடைசிச் சண்டையைப் பாட்டுதான் தூக்கிப் பிடித்திருந்தது. எங்கள் இரண்டு அணிகளும் அதுவரை நம்பியதற்கு இது எதிர்மாறு. நடை படத்தின் பலம், கதை பலவீனம் என்ற பிரிவே தவறான இடத்தில் கோடு போட்டிருந்தது. நடை தன் வேலையைச் செய்த இடமும் செய்யாத இடமும் தனித்தனியே இருந்தன.

தாள ஆசிரியர் தன் மனக்குறையை இப்போதுதான் சரியாகச் சொன்னார். முதல் அமர்வில் ‘செயற்கை’ என்று மட்டும் சொல்லியிருந்தார்.

“எல்லாமே சமத்துல வந்து விழுது. ஒரு அடிகூடத் தள்ளி விழல. அப்படியே ஒன்றரை மணி நேரம் போனா தாளம் இருக்குங்கிறதே மறந்துபோயிடும்.”

அவருக்குப் பிடித்ததாக அவரே சுட்டிய இடம் ஒன்று உண்டு. இரண்டாம் கொள்ளையில் கூட்டாளிகள் வண்டியை விட்டு இறங்கத் தாமதமாகிறது. பாட்டு முன்னே ஓடிவிட்டது. நாயகன் அவர்களைப் பொறுக்கச் சொல்லிவிட்டுப் பாட்டை முதலிலிருந்து போடுகிறான். தாளம் பிசகும் என்ற பயம் அங்கே இருக்கிறது, அதனால் அது உயிரோடு இருக்கிறது என்றார். படத்தில் இதுபோல இன்னும் நான்கு இடங்கள் இருந்திருந்தால் நான்கு மதிப்பெண் கொடுத்திருப்பாராம்.

செவிலியர் அதுவரை அதிகம் பேசவில்லை. அவரிடம் கேட்டபோது, காதிரைச்சலைப் படம் சரியாகவே தொடங்குகிறது என்றார். வெளிச்சத்தம் இருந்தால் உள்சத்தம் மறையும், அமைதியில்தான் அது தலைதூக்கும். பாட்டை அவன் மருந்தாகப் பயன்படுத்துவது உண்மைக்கு அருகில் இருக்கிறது. இயர்போனைப் பிடுங்கும்போது மெல்லிய ஒலி ஒன்று கேட்பதையும் அவர் கவனித்திருந்தார். ஒலி வடிவமைத்த ஜூலியன் ஸ்லேட்டர் அந்த இரைச்சலைக்கூட அருகிலுள்ள பாட்டின் சுருதிக்கு இசைத்து வைத்ததாகச் சொல்லியிருக்கிறார். இதை நான் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது.

“அங்கதான் எனக்கு ஒட்டல. என் காதுல இருக்கிறது எந்தச் சுருதிக்கும் சேராது. அதனாலதானே அது தொல்லை.”

ஒலிநுட்பத்தில் எல்லோரும் வியக்கும் ஒரு நுணுக்கமே அவருக்குப் படம் விலகிப்போன இடம். தாள ஆசிரியர் வேறு மொழியில் சொன்ன அதே குறை இது. எல்லாம் ஒத்துப்போகிறது, ஒத்துப்போகக் கூடாததும் ஒத்துப்போகிறது.

ஆனால் அவரே ஒன்றைச் சேர்த்தார். நிறுத்துமிடச் சண்டையில் பட்டி, நாயகனின் இரு காதுகளுக்கும் பக்கத்தில் துப்பாக்கியை வெடிக்கிறான். ஒலி முழுதும் மங்கி, நீருக்கடியில் கேட்பதுபோல் ஆகிறது. சிறிது நேரத்துக்குப் பாட்டும் இல்லை, அடியும் இல்லை. “அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவன் நிஜமா பயந்தான்” என்றார். ஒலியோடு இரண்டாம் முறை ஓட்டியபோது அறை அந்த இடத்தில்தான் அடங்கியது. இதே அறை முதல் திரையிடலில் இதே காட்சியில் நெளிந்திருந்தது.

அஞ்சலகக் காட்சியில் பேச்சு நீண்டது. கவுண்டரில் இருக்கும் பெண்ணை உள்ளே போகாதே என்று நாயகன் தலையசைத்து எச்சரிக்கிறான். அவள் பாதுகாப்புக் காவலரோடு திரும்பி வருகிறாள். கூட்டாளி பேட்ஸ் காவலரைச் சுட்டுக் கொல்கிறான். வண்டியில் எல்லோரும் ஏறிய பின்னும் நாயகன் ஓட்டுவதில்லை. பிறகு ஒரேயடியாக எதிரே நிற்கும் லாரியின் இரும்புக் கம்பிகளில் மோதி பேட்ஸைக் கொல்கிறான். அதுவரை எதையும் தாளத்துக்குள் அடக்கிவிட்டவன் முதல்முறையாக ஓட்ட மறுக்கிறான். இந்த மறுப்புதான் படத்தின் மையம் என்று படத்தொகுப்பு பயிலும் பெண் வாதிட்டார். நான் அவர் பக்கம். ஆனால் அதற்கடுத்து என்ன வருகிறது என்பதையும் அவரே சொன்னார். உடனே இன்னொரு பாட்டு, அந்தப் பாட்டுக்கு ஓர் ஓட்டம். மறுத்தவனைப் படம் மறுபடியும் தாளத்தில் ஏற்றிவிடுகிறது. சாவு நிஜம் என்று ஒரு நிமிடம் காட்டிவிட்டு, அடுத்த நிமிடம் அதை மறக்கச் சொல்கிறது.

டாக் மனம் மாறுவதும், கடைசியில் நீதிமன்றத்தில் நாயகனின் நல்ல குணத்துக்கு வரிசையாகச் சாட்சிகள் வருவதும் உறுத்துவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கார் பறிகொடுத்த மூதாட்டியிடம் கைப்பையைத் திருப்பித் தந்தவன் நல்லவன்தான். செத்த காவலருக்காக யாரும் சாட்சி சொல்ல வரவில்லையே என்று ஒருவர் கேட்டார். 25 ஆண்டு தண்டனை விதிக்கப்படுகிறதே என்று இன்னொருவர். ஐந்தாண்டில் பரோலுக்கு வழியும், சிறைக்கு வந்துகொண்டே இருக்கும் அஞ்சலட்டைகளும் இருக்கும்போது அது தண்டனையாக உணரப்படவில்லை என்று முதலாமவர். இது முடியவில்லை. நானும் முடிக்க முயலவில்லை.

வெளியான குறிப்பும் அதன் பின்னும்

புதிய குறிப்பில் மதிப்பெண் இல்லை, பொதுத் தீர்ப்பும் இல்லை. முதல் துரத்தலைப் பற்றி அண்ணன் சொன்னதும், தாளம் பற்றி ஆசிரியர் சொன்னதும், இரைச்சல் பற்றிச் செவிலியர் சொன்னதும் அவரவர் குரலிலேயே போயின. அஞ்சலகக் காட்சியைப் பற்றிய பகுதியைப் படத்தொகுப்பு பயிலும் பெண் எழுதினார். முதல் ஆறு நிமிடம் பார்வையாளருக்குக் கொடுக்கும் வாக்கைப் படம் எங்கே காப்பாற்றுகிறது, எங்கே அந்த வாக்கையே முறிப்பது நல்லது என்று தெரிந்தும் தயங்குகிறது என்பதுதான் எல்லாவற்றையும் இணைத்த இழை.

வரவேற்பு கலவைதான். குறிப்பைப் பெற்றவர்களில் சிலர் “பார்க்கலாமா வேண்டாமா, அதைச் சொல்லுங்க” என்று திருப்பிக் கேட்டார்கள். அவர்கள் கேட்பதில் தவறில்லை. மாலையில் ஒரு படம் தேர்ந்தெடுக்க நினைப்பவருக்கு எங்கள் குறிப்பு நீளம். வேறு சிலர், படத்தைத் திரும்பப் பார்த்ததாகவும் ஒலியை நிறுத்திப் பார்த்ததாகவும் எழுதினார்கள். அமர்வுக்கு வர மறுத்தவர் குறிப்பைப் படித்துவிட்டு, ‘நடையில் சிறந்து, கதையில் மெலிந்த’ என்பதையே நீட்டி எழுதியிருக்கிறீர்கள் என்றார். அவரை என்னால் முழுதாக மறுக்க முடியவில்லை. நீட்டியதில்தான் விஷயம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

தாள ஆசிரியர் தன் இரண்டை மாற்றவில்லை. படத்தொகுப்பு பயிலும் பெண் தன் ஐந்தை நான்காக்கினார், அதுவும் கேட்டபோதுதான். எண்கள் நெருங்காமலே பேச்சு நடந்தது என்பதால், எண்களைச் சேர்த்துவைக்க வேண்டிய கட்டாயம் எங்களுக்கு எப்போதும் இருந்திருக்கவில்லை என்று தெரிந்தது.

மாற்றிக்கொண்டவை, மாற்ற வேண்டியவை

விளக்கு போட்டதும் மதிப்பெண் கேட்பதை நிறுத்திவிட்டோம். முதலில் பேசுபவரின் எண் மற்றவர்களை இழுக்கிறது. எங்கே பிடித்தது, எங்கே விட்டது என்று தாளில் எழுதிய பிறகே பேச்சு.

இத்தகைய படங்களுக்கு ஒலிக்கருவி முக்கியம் என்பதை அடுத்த முறை முன்கூட்டியே கவனிப்போம். முதல் திரையிடல் நடந்த அறையில் தாழ்ந்த ஒலிகள் சரியாக எழவில்லை. காதிரைச்சல் ஒலியைப் பாதிப் பேர் கேட்கவே இல்லை. ஒலியை மையமாக வைத்த படத்தை அந்த நிலையில் காட்டி, உடனே கருத்தும் கேட்பது படத்துக்கும் நியாயமில்லை, பார்த்தவர்களுக்கும் நியாயமில்லை.

ஒலியை நிறுத்திப் பார்க்கும் பயிற்சியை வைத்துக்கொண்டிருக்கிறோம், எல்லாப் படத்துக்கும் அல்ல. உரையாடலால் நகரும் படத்தில் அது வெறும் விளையாட்டாகிவிடுகிறது. துரத்தலும் சண்டையும் உள்ள படத்தில் காட்சியின் இட அமைப்பு நிற்கிறதா என்று அறிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

பார்க்கலாமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்காகக் குறிப்பின் தலைப்பில் இரண்டு வரி சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். இந்தப் படத்துக்கு அந்த இரண்டு வரியை எழுதும் வேலை அண்ணனிடம் போனது. முதல் ஆறு நிமிடத்துக்காகப் பார்க்கலாம், காது மங்கும் இடம் வரை இருக்கலாம், அதற்குப் பிறகு உங்கள் விருப்பம் என்று எழுதிக் கொடுத்தார். ஆசிரியர் கையெழுத்துப் போட்டார். படத்தொகுப்பு பயிலும் பெண் ‘அதற்குப் பிறகு’ என்பதை அடித்துவிடச் சொல்கிறார். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.